துறைமுகத்தின் கரிக்கணக்கு

2021 நவம்பர். லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்துக்கு எதிரே, சான் பெட்ரோ விரிகுடாவில், சரக்குக் கப்பல்கள் மாதக்கணக்காகக் குவிந்து கிடந்தன. கொரோனாவால் வீட்டுக்குள் அடைபட்ட அமெரிக்கர்கள் மேசை, நாற்காலி, கணினி, மிதிவண்டி என்று வாங்கித் தள்ளினார்கள். அவ்வளவையும் இறக்கிவைக்கத் துறைமுகத்தில் இடம் போதவில்லை, ஆள் போதவில்லை, லாரியும் போதவில்லை. நங்கூரம் போடக்கூட இடம் கிடைக்காத கப்பல்கள் கடலிலேயே வட்டமடித்தன.

அந்த மாதம் 16ஆம் தேதி வரிசை முறை மாறியது. அதுவரை, துறைமுகத்தின் அருகே முதலில் வந்து சேர்ந்த கப்பலுக்கு முதல் இடம். இனி, முந்தைய துறைமுகத்தைவிட்டு எப்போது கிளம்பியது என்பதைப் பார்த்தே இடம் ஒதுக்கப்படும். பசிபிக்கைக் கடந்து வரும் கப்பல்கள் கரைக்கு 150 மைல் தள்ளியே காத்திருக்க வேண்டும். சில வாரங்களில் விரிகுடா வெறிச்சோடியது. ஆனால் வரிசை குறையவில்லை. 2022 ஜனவரி 9 அன்று காத்திருந்த கன்டெய்னர் கப்பல்கள் 109. அதுவரை இல்லாத உச்சம். அவற்றில் கரையில் நின்று பார்த்தவர் கண்ணுக்குத் தெரிந்தவை சொற்பம்.

இந்தக் காட்சி மாற்றத்தோடு இன்னொன்றும் மாறியது. லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகம் தன் புகையைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. கடற்பரப்பில் நான்கு மூலைகள் குறித்து, அவற்றை இணைத்து ஒரு கற்பனைக் கட்டம் போட்டிருக்கிறார்கள். கப்பல் அந்தக் கட்டத்துக்குள் நுழைந்த கணத்திலிருந்து வெளியேறும் கணம்வரை விடும் புகை கணக்கில் ஏறும். 2021இல் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களால் அந்த ஆண்டுக் கணக்கில் எல்லா வகை உமிழ்வுகளும் கூடின. 150 மைலுக்கு அப்பால் போன கப்பல்களோ கட்டத்துக்கு வெளியே போய்விட்டன. அங்கே அவை எரித்த எண்ணெய் துறைமுகத்தின் ஏட்டில் ஏறாது.

புது வரிசை முறையைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நெருக்கியடித்து நின்ற கப்பல்களால் விபத்து நேரும் அபாயம் இருந்தது; கரையோர மக்கள் சுவாசிக்கும் காற்றும் கெட்டிருந்தது. இரண்டுக்கும் புது முறை நல்ல தீர்வு. முண்டியடித்து ஓடிவந்து காத்துக்கிடப்பதற்குப் பதில், நிதானமாக வந்து சேரவும் அது வழிசெய்தது. நான் காட்ட விரும்புவது வேறு. மனித நுரையீரலுக்கு ஒரு கப்பல் 5 மைலில் நிற்கிறதா 150 மைலில் நிற்கிறதா என்பது வாழ்வா சாவா என்ற வித்தியாசம். பூமியின் வெப்பத்துக்கு அதில் எள்ளளவும் வித்தியாசம் இல்லை. கார்பன் டை ஆக்சைடு எங்கே வெளியானாலும் உலகம் முழுவதும் கலந்துவிடும். இந்த இரண்டு வகைப் புகையையும் நாம் ஒரே ஏட்டில், ஒரே எல்லைக்கோட்டை வைத்துக்கொண்டு எண்ணுகிறோம். துறைமுக உமிழ்வுக் கணக்கின் பெரும்பாலான குழப்பங்கள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

நுரையீரலுக்காகத் தொடங்கிய ஏடு

சான் பெட்ரோ, வில்மிங்டன் இரண்டும் துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்புகள். கப்பல் புகை, கிரேன் புகை, சரக்கு ரயில் புகை, நெடுஞ்சாலையில் இடைவிடாமல் ஓடும் டீசல் லாரிகளின் புகை, எல்லாம் அந்த வீடுகளின் மேல்தான் இறங்கும். டீசல் கரித்துகள் நச்சுப்பொருள் என்று கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியம் 1998இல் அறிவித்தது. 2001இல் துறைமுகம் சைனா ஷிப்பிங் நிறுவனத்துக்குப் புதிய முனையம் கட்டக் கிளம்பியபோது, அந்தப் பகுதி மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் நீதிமன்றம் போனார்கள். 2003இல் உடன்பாடு ஏற்பட்டது. அதன் விளைவாக, 2004 ஜூனில், உலகில் முதன்முறையாக ஒரு கன்டெய்னர் கப்பல் துறைமுகத்தில் நின்றபடி தன் டீசல் எஞ்சின்களை அணைத்துவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டது.

உமிழ்வுக் கணக்கும் அந்தப் போராட்டத்தின் பிள்ளைதான். 2001ஆம் ஆண்டுக்கு முதல் கணக்கு எடுத்தார்கள். 2005 முதல் ஆண்டுதோறும் எடுக்கிறார்கள். ஐந்து வகையாகப் பிரித்துக்கொண்டார்கள்: பெருங்கடல் கப்பல்கள், இழுவைப் படகு போன்ற துறைமுகப் படகுகள், கிரேன் முதலான சரக்குக் கையாளும் எந்திரங்கள், ரயில் எஞ்சின்கள், கனரக லாரிகள். கடலில் போட்ட கட்டமும் சும்மா போட்டதல்ல. தென் கலிஃபோர்னியா, மலைகளுக்கும் கடலுக்கும் இடையே காற்று தேங்கும் ஒரு தட்டுப் போன்றது. அந்தத் தட்டுக்குள் வந்து விழும் புகை எது என்று பார்த்து அந்த எல்லையை வகுத்தார்கள். நுரையீரலைக் காக்கும் கணக்குக்கு அது மிகப் பொருத்தமான எல்லை.

பலனும் கிடைத்தது. 2006இல் பக்கத்துத் துறைமுகமான லாங் பீச்சோடு சேர்ந்து தூய காற்றுச் செயல்திட்டம் வகுத்தார்கள். 2008 அக்டோபர் 1 முதல் மிகப் பழைய லாரிகளைத் துறைமுகத்துக்குள் விடவில்லை. கந்தகம் குறைந்த எண்ணெய், கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி, கரை மின்சாரம் என்று ஒவ்வொன்றாக வந்தன. 2005ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் டீசல் கரித்துகள் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. ஒரு துறைமுகம் மக்களுக்குச் செய்த இத்தனை பெரிய நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

பசுமைக்குடில் வாயுக்களின் வரிசையைப் பார்த்தால் அந்த வீழ்ச்சி இல்லை. காரணம் வேதியியலில் இருக்கிறது. கரித்துகள் என்பது எஞ்சின் சரியாக எரிக்காமல் விட்ட மிச்சம். நன்றாக எரித்தால் குறையும், எஞ்சியதை வடிகட்டலாம். கார்பன் டை ஆக்சைடு அப்படி மிச்சம் அல்ல. எண்ணெய் நன்றாக எரிந்ததன் பலனே அதுதான். வடிகட்டிக்கு அது அகப்படாது. அதைக் குறைக்க வேண்டுமென்றால் எண்ணெயைக் குறைவாக எரிக்க வேண்டும், அல்லது கார்பன் இல்லாத எரிபொருளுக்குப் போக வேண்டும்.

ஒரு டன் எண்ணெய், மூன்று டன் வாயு

கப்பல்களின் கனரக எண்ணெய் ஒரு டன் எரிந்தால் 3.114 டன் கார்பன் டை ஆக்சைடு வரும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதி சொல்கிறது. கடல் டீசலுக்கு 3.206. ஒரு டன்னிலிருந்து எப்படி மூன்று டன் வரும் என்று பலர் மலைக்கிறார்கள். எண்ணெயின் எடையில் ஏறத்தாழ 85 சதவீதம் கார்பன். ஒரு கார்பன் அணுவின் எடை 12 என்றால், அது காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களின் எடை 32. ஆக 12 போனது 44 ஆகத் திரும்பி வருகிறது. கூடுதல் எடை முழுவதும் காற்றில் இருந்த ஆக்சிஜன்.

அப்படியென்றால் வேலை எளிது, எத்தனை டன் எண்ணெய் எரிந்தது என்று கேட்டு 3.1ஆல் பெருக்கினால் போதுமே என்று தோன்றும். ஒரு கப்பல் கம்பெனிக்கோ ஒரு நாட்டுக்கோ அது சரிப்படும். துறைமுகத்துக்குச் சரிப்படாது. சிங்கப்பூரில் எண்ணெய் நிரப்பிய கப்பல் அதைப் பசிபிக் நெடுக எரித்துக்கொண்டு லாஸ் ஏஞ்சலிஸ் வந்து, இரண்டு நாள் நின்று, ஓக்லாந்துக்குப் போகும். எண்ணெய் ரசீதில் மொத்த டன் இருக்கும். அதில் எந்தப் பங்கு எந்தத் துறைமுகத்தில் எரிந்தது என்று ரசீது சொல்லாது.

புகைபோக்கியிலேயே கருவி வைத்து அளக்கலாமே என்றால், ஆயிரக்கணக்கில் வந்துபோகும் வெளிநாட்டுக் கப்பல்களில் யார் கருவி பொருத்துவது? தூரத்திலிருந்து முகர்ந்து அளக்கும் கருவிகள் உண்டு. டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்திலும், ஹாம்பர்க்குக்குக் கீழே எல்பே நதிக்கரையில் வேடல் என்ற ஊரிலும் அவை நிற்கின்றன. ஆனால் அவை தேடுவது கந்தகத்தை. புகையில் கந்தக டை ஆக்சைடு எவ்வளவு, கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்ற விகிதத்தைப் பார்த்து, கப்பல் விதியை மீறிய எண்ணெயை எரிக்கிறதா என்று கண்டுபிடிக்கும். மொத்த வாயுவின் எடையை அவற்றால் சொல்ல முடியாது. செயற்கைக்கோளுக்கும் இதே கதி. 2017இல் ஏவப்பட்ட ஐரோப்பிய ட்ரோபோமி கருவி, தனித்தனிக் கப்பல்கள் கடல்மேல் விட்டுச்செல்லும் நைட்ரஜன் டை ஆக்சைடு தடத்தைக்கூடக் காண்கிறது. சுத்தமான கடற்காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடு அனேகமாக இல்லை என்பதால் தடம் பளிச்சென்று தெரிகிறது. கார்பன் டை ஆக்சைடோ ஏற்கெனவே பத்து லட்சத்துக்கு 420 பங்குக்கு மேல் எங்கும் நிறைந்திருக்கிறது. அதன்மேல் ஒரு கப்பல் சேர்ப்பது, ஏரியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதைக் கரையில் நின்று கண்டுபிடிப்பதைப் போன்றது. பக்கத்திலேயே ஒரு பெருநகரம் தன் பங்குக்கு ஊற்றிக்கொண்டிருக்கும்போது இன்னும் கடினம்.

ஆகவே துறைமுகங்கள் அளப்பதில்லை; நடமாட்டத்தைக் கவனித்துக் கணக்குப் போடுகின்றன. ஒவ்வொரு பெரிய கப்பலும் தான் யார், எங்கே இருக்கிறேன், என்ன வேகத்தில் போகிறேன் என்பதைச் சில நொடிகளுக்கு ஒருமுறை ரேடியோவில் அறிவித்துக்கொண்டே போகும். கப்பல்கள் மோதாமல் இருக்க 2004 முடிவுக்குள் கட்டாயமாக்கப்பட்ட ஏற்பாடு இது. ஏ.ஐ.எஸ். என்பார்கள். உமிழ்வுக் கணக்காளர்களுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. கப்பலின் எஞ்சின் திறன் பதிவேட்டில் இருக்கிறது. வேகம் ரேடியோவில் வருகிறது. உச்ச வேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் போகிறதோ, அதன் மும்மடிப் பெருக்கமே எஞ்சின் செலவிடும் திறன் என்பது உந்துவிசையின் தோராய விதி. பாதி வேகத்துக்குத் திறன் எட்டில் ஒரு பங்கு போதும். பயண நேரம் இருமடங்காவதால் மொத்தச் செலவு நான்கில் ஒரு பங்கு. 2001 முதல் லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகம், கரையை நெருங்கும் கப்பல்களை 12 நாட் வேகத்துக்குக் குறைக்கச் சொல்லிக் கேட்டுவருவது இந்தக் காரணத்தால்தான். முதலில் 20 கடல் மைலுக்கு இருந்ததைப் பிறகு 40ஆக நீட்டினார்கள்.

நிற்கும் கப்பலின் பசி

கடலில் ஓடும் கப்பலைவிட, துறைமுகத்தில் நிற்கும் கப்பலைக் கணக்கிடுவதுதான் சிரமம். பெர்த்தில், அதாவது கப்பல் நிற்கும் தளத்தில், கட்டிவைத்த கப்பல் தூங்குகிறது என்று நாம் நினைக்கிறோம். முதன்மை எஞ்சின் நின்றிருக்கும், உண்மைதான். துணை எஞ்சின்கள் இரவு பகலாக ஓடும். விளக்கு, பம்பு, காற்றோட்டம், சமையலறை, எல்லாவற்றுக்கும் மேலாக நூற்றுக்கணக்கான குளிர்பதன கன்டெய்னர்கள் என்று எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். எண்ணெய்க் கப்பல் என்றால் பெரும்பாலும் நீராவியால் ஓடும் பம்புகளைக் கொண்டுதான் சரக்கை இறக்கும். அதற்குக் கொதிகலன் எரிய வேண்டும்; கப்பல் நிற்கும்போதுதான் அந்தக் கொதிகலன் அதிகம் எரிக்கும்.

இந்தத் துணை எஞ்சின்கள் எவ்வளவு சுமையில் ஓடுகின்றன என்பது எந்தப் பதிவேட்டிலும் சரியாக இருக்காது. லாஸ் ஏஞ்சலிஸில் இதற்கென்றே ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். கணக்கெடுப்பவர்கள் ஏணியில் ஏறிக் கப்பலுக்குள் போகிறார்கள். தலைமைப் பொறியாளரைச் சந்தித்து, "நேற்று ராத்திரி எத்தனை ஜெனரேட்டர் ஓடியது, எவ்வளவு லோடு?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். செயற்கைக்கோள் யுகத்திலும் இந்தக் கணக்கின் உண்மை, நோட்டுப் புத்தகத்தோடு ஏணி ஏறும் ஒருவரைத்தான் நம்பியிருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கப்பலின் துணை எஞ்சின்கள் சராசரியாக 1,000 கிலோவாட் சுமையில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் என்றால் 48 மணி நேரம். 48,000 யூனிட், நம் வீட்டு மின்கட்டண அட்டையில் வரும் அதே யூனிட்தான். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 215 கிராம் கடல் டீசல் செலவாகும். மொத்தம் ஏறத்தாழ 10 டன் எண்ணெய், 33 டன் கார்பன் டை ஆக்சைடு. யூனிட்டுக்கு 0.7 கிலோவை ஒட்டி வருகிறது.

இந்த 0.7ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க வெளியாகும் கார்பன் டை ஆக்சைடும் மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி சுமார் 0.7 கிலோதான். பெரும்பகுதி நிலக்கரியில் வருவதால் இப்படி. ஆக, இன்றைய தேதியில் சென்னையில் ஒரு கப்பல் டீசல் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாதாரண மின்கட்டமைப்பிலிருந்து மின்சாரம் எடுத்தால், பூமியின் வெப்பக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றும் மிச்சமாகாது. துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்தில் மூச்சுவிடுபவருக்கு நிச்சயம் மிச்சமாகும்; அவர் பக்கத்தில் எரியவேண்டிய டீசல் எரியவில்லை. ஆனால் அந்தப் புகையின் ஒரு பங்கு ஏதோ ஓர் அனல்மின் நிலையத்தின் பக்கத்தில் வாழ்பவரிடம் போய்ச் சேர்கிறது.

கரை மின்சாரம் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். 2004இல் லாஸ் ஏஞ்சலிஸ் கப்பலில் செருகிய முதல் வயரில் ஓடிய மின்சாரத்திலும் நிலக்கரிக்குப் பெரும் பங்கு இருந்தது. நகரின் மின்வாரியம் ஆண்டுக்காண்டு நிலக்கரியைக் குறைக்கக் குறைக்க, அதே வயர் மிச்சப்படுத்தும் வாயு கூடிக்கொண்டே போனது. கப்பலின் டீசல் எஞ்சினுக்கு அந்த வாய்ப்பு இல்லை; அது ஆயுள் முழுக்க 0.7தான். தூத்துக்குடி மாதிரி காற்றும் வெயிலும் கொட்டிக்கிடக்கும் இடத்தில் துறைமுகமே தனக்கான மின்சாரத்தை உற்பத்தி செய்யலாம்; அங்குள்ள வ.உ.சி. துறைமுகம் காற்றாலையும் சூரியத் தகடுகளும் அமைத்திருப்பது சரியான திசை. கணக்கில் மட்டும் ஏமாறக் கூடாது. கரை மின்சாரத்துக்கு மாறியதும் கப்பலின் உமிழ்வு பூஜ்யம் என்று எழுதிவிட்டு, அந்த மின்சாரத்தின் உமிழ்வை எந்த ஏட்டிலும் ஏற்றாமல் விடுவது நேர்மையான கணக்காகாது.

எரிபொருள் எண்களிலும் இப்படிப் பொறிகள் உண்டு. திரவ இயற்கை எரிவாயு ஒரு டன் எரிந்தால் 2.75 டன் கார்பன் டை ஆக்சைடுதான். கந்தகம் இல்லை, கரி இல்லை. அதனால் தூய எரிபொருள் என்று பெயர் வாங்கியது. ஆனால் அது மீத்தேன். எஞ்சினில் எரியாமல் நழுவும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஒரு வகை எஞ்சினில் 3.1 சதவீதம் நழுவும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியில் உள்ள எண். 2024இல் வெளியான ஓர் ஆய்வில் டிரோன்களையும் ஹெலிகாப்டரையும் கப்பல்களின் புகைக்குள் அனுப்பி அளந்தார்கள். அந்த வகை எஞ்சின்களில் சராசரியாக 6.4 சதவீதம் நழுவியது. விதியில் எழுதிய எண்ணைப்போல் இரு மடங்கு. மேசையில் போட்ட கணக்கை அவ்வப்போது கடலில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

லாஸ் ஏஞ்சலிஸ் கணக்கில் பின்பற்றும் ஒரு நல்ல வழக்கத்தையும் சொல்ல வேண்டும். கணக்கிடும் முறை திருந்தும்போது, பழைய ஆண்டுகளையும் புதிய முறையில் திரும்பக் கணக்கிடுகிறார்கள். இல்லாவிட்டால், முறை மாறியதால் குறைந்ததா, புகையே குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

யாருடைய புகை?

பெரும்பாலான பெரிய துறைமுகங்கள் இன்று வீட்டு உரிமையாளரைப் போன்றவை. நிலமும் கப்பல் நிற்கும் தளமும் துறைமுகத்துடையது. கிரேன் குத்தகைதாரருடையது, கப்பல் வேறு கம்பெனியுடையது, லாரி இன்னொருவருடையது. உலகம் முழுவதும் பின்பற்றப்படும் பசுமைக்குடில் வாயு கணக்கீட்டு நெறிமுறை உமிழ்வுகளை மூன்று வட்டங்களாகப் பிரிக்கிறது. நீங்களே எரிப்பது முதல் வட்டம். நீங்கள் வாங்கும் மின்சாரத்துக்காக வேறிடத்தில் எரிவது இரண்டாவது. உங்கள் தொழிலால் பிறர் எரிப்பது மூன்றாவது. துறைமுக நிர்வாகம் முதல் இரண்டோடு நிறுத்திக்கொண்டால், சில ஜீப்புகளும் அலுவலக ஏ.சி.யும் சொந்த இழுவைப் படகுகளும்தான் கணக்கில் வரும். கப்பலும் லாரியும் மூன்றாவது வட்டத்தில் நிற்கின்றன. துறைமுகத்தின் புகையில் மிகப் பெரும்பகுதி அங்கேதான்.

இந்தச் சிக்கலைத் துறைமுகங்கள் உணராமல் இல்லை. 2008இல் ராட்டர்டாமில் 55 துறைமுகங்கள் கூடி ஒரு காலநிலைப் பிரகடனம் வெளியிட்டன. 2010இல் துறைமுகங்களுக்கான கரித்தடக் கையேடு வந்தது. 2018இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பும் துறைமுகங்களின் சர்வதேச சங்கமும் சேர்ந்து இன்னொரு கையேடு கொடுத்தன. முறை இருக்கிறது. எல்லையை மட்டும் அவரவர் வசதிக்கு விட்டுவிட்டார்கள். ராட்டர்டாம் தன் வளாகத்தில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளையும் மின்நிலையங்களையும் சேர்த்துச் சொல்கிறது. அது ஆண்டுக்கு இரண்டு கோடி டன் அளவில் வரும். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து ஆலைகளைச் சேர்ப்பதில்லை. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து, எது சுத்தமான துறைமுகம் என்று தீர்ப்புச் சொல்பவர் ஏமாந்துபோவார். லாஸ் ஏஞ்சலிஸே சில ஆண்டுகள் ஒரு விரிந்த கணக்கையும் வெளியிட்டது. கட்டத்துக்கு வெளியே, கடல் கடந்துவரும் முழுப் பயணத்தையும் சேர்த்தபோது வந்த எண், வழக்கமான கணக்கைப்போல் பல மடங்கு.

நாடுகளின் ஏட்டிலும் இதே ஓட்டை. சர்வதேசக் கப்பல்களுக்கு விற்கும் எண்ணெயின் உமிழ்வை எந்த நாடும் தன் மொத்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. தனிக் குறிப்பாகச் சொன்னால் போதும் என்பது ஐ.நா. விதி. கப்பல் போக்குவரத்தின் பங்கு 2018இல் உலகின் மனித உமிழ்வில் 2.89 சதவீதம் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பின் நான்காவது ஆய்வு சொல்கிறது. அவ்வளவு வாயுவில் பெரும்பகுதி எந்த நாட்டின் இலக்குக்குள்ளும் அடங்காமல் மிதக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 முதல் இதற்கு விலை வைத்தது: ஒன்றியத் துறைமுகங்களில் நிற்கும்போது விடும் புகைக்கு முழுமையாக, வெளியிலிருந்து வரும் பயணத்துக்குப் பாதி. உடனே ஒரு கேள்வி எழுந்தது. ஒன்றியத்துக்குச் சற்று முன்னால் வேறு நாட்டுத் துறைமுகம் ஒன்றில் நின்றுவிட்டு வந்தால், நீண்ட பயணம் குட்டிப் பயணம் ஆகிவிடுமே? அதனால் மொராக்கோவின் டான்ஜர் மெட், எகிப்தின் கிழக்கு போர்ட் சயீத் இரண்டையும் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, அங்கே கன்டெய்னர் கப்பல்கள் நிற்பதை நிறுத்தமாகவே எடுத்துக்கொள்ளமாட்டோம் என்று விதி எழுதினார்கள். கோடு போட்டவர்களுக்கே அதைக் காவல் காக்கும் வேலையும் வந்தது.

சென்னையிலிருந்து எண்ணூருக்கு

நம் ஊரிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிய காலத்தில் வடசென்னையின் வீட்டுத் தரையும் துவைத்துக் காயப்போட்ட துணியும் கறுத்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2011 அக்டோபரோடு அங்கே நிலக்கரி கையாள்வது நின்று, எண்ணூருக்குப் போனது. அங்கே காமராஜர் துறைமுகம் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதற்கென்றே 2001இல் தொடங்கப்பட்டது. ராயபுரத்து மக்களுக்கு இது நியாயமான விடுதலை. ஆனால் பசுமைக்குடில் வாயுவின் ஏட்டில் பாருங்கள். சென்னையின் எண் குறையும், எண்ணூரின் எண் கூடும், வானத்துக்குப் போகும் வாயு மாறாது. அதே நிலக்கரி, அதே கப்பல்கள். துகளின் பாரமோ எண்ணூர்க்காரர்கள் தலையில் ஏறியது.

இன்னொன்று. ஒரு டன் நிலக்கரி எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை டன் கார்பன் டை ஆக்சைடு. அது துறைமுகத்தின் கணக்கில் வராது, மின்நிலையத்தின் கணக்கில் வரும். இருமுறை எண்ணக்கூடாது என்பதால் அது முறைதான். ஆனாலும் நிலக்கரியை இறக்குவதற்கென்றே இருக்கும் ஒரு துறைமுகம் தன் கிரேன்களை மின்மயமாக்கிவிட்டுப் பசுமைத் துறைமுகம் என்று பெயர் சூட்டிக்கொள்வது சரியில்லை என்பது என் கருத்து. கையாளும் சரக்கு எதுவென்பதையும் அதே பக்கத்தில் அச்சிட வேண்டும்.

லாரிகளைச் சொல்லாமல் விட முடியாது. சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நின்றதை வடசென்னைக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். வரிசை அங்குலம் அங்குலமாக நகரும்போது எஞ்சினை அணைக்க முடியாது. ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. துறைமுகத்தின் கணக்கு கேட்டில் தொடங்கினால், கேட்டுக்கு வெளியே கழியும் அத்தனை மணி நேரமும் யார் ஏட்டிலும் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் இதில் மேல். முனையத்துக்குள் லாரி ஓடுவது, வரிசையில் நிற்பது, வெளியே போய்ச் சரக்கை முதலில் இறக்கும் இடம்வரை அல்லது காற்றுத் தட்டின் எல்லைவரை சாலையில் ஓடுவது, மூன்றையும் சேர்க்கிறது. இங்கும் அப்படிச் சேர்த்தால், கேட்டில் ஆவணச் சரிபார்ப்பைச் சீராக்குவதே எவ்வளவு பெரிய உமிழ்வுக் குறைப்பு என்பது எண்ணாகவே தெரியும்.

இந்தியாவின் துறைமுக அமைச்சகம் 2023 மே மாதம் 'ஹரித் சாகர்' என்ற பசுமைத் துறைமுக நெறிமுறைகளை வெளியிட்டது. கையாளும் ஒரு டன் சரக்குக்கான கார்பன் உமிழ்வை 2030க்குள் 30 சதவீதமும், 2047க்குள் 70 சதவீதமும் குறைப்பது இலக்கு. வரவேற்க வேண்டிய தொடக்கம். இதில் "ஒரு டன் சரக்குக்கு" என்ற சொற்களை மட்டும் நிறுத்திப் படியுங்கள். ஒரு டன்னுக்கான உமிழ்வு 30 சதவீதம் குறைந்து, சரக்கு இரு மடங்கானால், மொத்த உமிழ்வு 40 சதவீதம் கூடியிருக்கும். இலக்கும் எட்டப்பட்டிருக்கும். வளரும் நாட்டில் சரக்கு கூடத்தான் செய்யும். அதனால் விகிதத்தை இலக்காக வைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விகிதத்துக்குப் பக்கத்தில் மொத்தத்தையும் போடாத அறிக்கை முழு அறிக்கையாகாது.

தமிழ்நாட்டின் மூன்று பெருந்துறைமுகங்களும், அதாவது சென்னை, காமராஜர், வ.உ.சி. மூன்றும், ஆண்டுதோறும் ஒரே நாளில், ஒரே முறையில் தங்கள் உமிழ்வுக் கணக்கை மக்கள் படிக்கும்படி தமிழிலும் வெளியிட வேண்டும். முதல் பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கட்டும்: கடலில் எங்கேவரை எண்ணினோம், சாலையில் எங்கேவரை எண்ணினோம் என்று கோடு போட்டுக் காட்டட்டும். கரித்துகளுக்கு ஒரு கோடு, பசுமைக்குடில் வாயுவுக்கு அதைவிட அகன்ற இன்னொரு கோடு. ஏ.ஐ.எஸ். தரவு ஏற்கெனவே காற்றில் வந்துகொண்டிருக்கிறது; லாரிகளின் நுழைவுப் பதிவும் கேட்டில் இருக்கிறது. கப்பலில் ஏறிக் கேட்டு எழுதப் பயிற்சி பெற்ற சிலர் வேண்டும், அவ்வளவே. கடல்சார் பொறியியல் படித்த பிள்ளைகள் நம்மிடம் நிறையவே இருக்கிறார்கள்.

அடுத்த முறை ஏதாவதொரு துறைமுகம் இத்தனை சதவீதம் உமிழ்வைக் குறைத்துவிட்டதாகச் செய்தித்தாளில் படித்தால், நங்கூரமிட்டு வெளியே நின்ற கப்பலையும் கேட்டுக்கு வெளியே நின்ற லாரியையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்களா என்று அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.